எந்தப் பக்கம் ஜன்னல் வேணும்?

நான் வேலை செஞ்ச, பிளேன் டிக்கட் போடுற கந்தோர்ல இருந்து தர்ஷிகா எனக்கு ஃபோன் எடுத்தா. நான் எந்திரிச்சு வந்த கதிரையில இப்ப அவதான் உக்காந்திருக்கா. "ரீட்டா அக்கா, பிளேன்ல எந்தப் பக்கம் ஜன்னல் எடுத்தா நல்லாப் பாக்கலாம்னு நாலு வரி சொல்லுங்க, நம்ம ஃபேஸ்புக்குல போடணும்"னா. யாரு கேக்கச் சொன்னது, எதுக்குக் கேக்கிறாங்க, அதுல யாருக்கு என்ன லாபம்னு நான் மூணு கேள்வி கேட்டேன். அவ சிரிச்சுட்டு, "நீங்க மாறவே மாட்டீங்க அக்கா"ன்னா. மாறமாட்டேன்தான். சந்தேகப்பட்டே சோறு சாப்பிட்ட ஆளு நான், இனி எங்க மாறுறது.

சரி, கேட்ட பிள்ளைக்கு முதல்ல அந்த நாலு வரியைச் சொல்லிடுறேன். கொழும்புல இருந்து திருச்சிக்குப் போகும்போது வலது பக்கம். மேகம் இல்லன்னா மன்னார்க் கரையும் அங்கிட்டு கடலுக்குள்ள மணல் திட்டும் தெரியும். வரும்போது அதே காட்சிக்கு இடது பக்கம். ஆனா காலைப் பிளேன்னா வலது பக்கம் வெயில் மூஞ்சியில அடிக்கும், பாதிப் பேரு மூடியை இழுத்து விட்டுட்டுத் தூங்கிடுவாங்க. றெக்கைக்கு நேரா உக்காந்தா றெக்கையை மட்டும்தான் பாக்கலாம். ஃபோன்ல சீட்டுப் படம் வருதே, அதை நம்பாதீங்க. ஜன்னல்னு போட்டிருப்பான், போய் உக்காந்தா வெறும் சுவரு இருக்கும். அரபு நாட்டுல இறங்கும்போது எந்தப் பக்கம்னு எவனாச்சும் அடிச்சுச் சொன்னா அவனையும் நம்பாதீங்க. காத்து அடிக்கிற பக்கத்தைப் பாத்துத்தான் பிளேனை இறக்குவாங்க, அது அன்னன்னைக்கு மாறும்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நான் பிளேன்ல ஏறினது ஒரே ஒரு தடவை. மத்ததெல்லாம் போயிட்டு வந்தவங்களைப் பிடிச்சு வச்சுக் கேட்டது. என்ன தெரிஞ்சிச்சு, எந்தப் பக்கம் இருந்தீங்க, வெயிலா மழையான்னு கேப்பேன். ஒருத்தர் சொன்னா எடுத்துக்க மாட்டேன். இன்னொருத்தரும் வந்து அதையே சொன்னாத்தான் மனசுல போட்டுக்குவேன். ஆனா தர்ஷிகா, நான் அத்தனை வருஷமா அந்த மேசையில உக்காந்து "ஜன்னல் வேணுமா, எந்தப் பக்கம் வேணும்"னு வந்தவங்ககிட்ட எல்லாம் கேட்டது காட்சிக்காக இல்ல. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல, இப்ப சொல்றேன்.

ஏ.எல். பரீட்சை எழுதிட்டு சும்மா இருந்த என்னை பதுளை பஸார்ல ஒரு மாடிக் கந்தோர்ல எங்க மாமா கொண்டுபோய் விட்டாரு. கொழும்புல கொஞ்ச நாள் வேலை பழகிட்டு வந்தேன். கம்ப்யூட்டர்ல கறுப்புத் திரையில பச்சை எழுத்தா வரும், ஒவ்வொரு ஊருக்கும் மூணு எழுத்து, அதை மனப்பாடம் பண்ணணும். படிப்பு அவ்வளவுதான். மத்ததெல்லாம் முதலாளிகிட்டப் படிச்சது.

எங்க முதலாளியை நாங்க ஐயான்னுதான் கூப்பிடுவோம். வெள்ளை அரைக்கைச் சட்டை, வாயில எந்நேரமும் ஒரு கராம்பு. கதவுக்கு முதுகு காட்டி உக்கார மாட்டாரு. ஊரையெல்லாம் பிளேன்ல ஏத்தி அனுப்பின மனுசன், கடைசி வரைக்கும் தான் ஏறல. "இரும்பு மேல போகுதுன்னு சொல்றான், போகட்டும், நான் எதுக்கு நடுவுல"ம்பாரு.

அவரு பாஸ்போட் பாக்கிற முறையே தனி. கையில வாங்கின உடனே படத்தைப் பாக்க மாட்டாரு. முதல்ல பேரை ஒவ்வொரு எழுத்தா, நகத்தை வச்சுக்கிட்டு, சத்தமா வாசிப்பாரு. தேயிலைத் தோட்டத்துல பேரு பதிஞ்ச லட்சணம் உங்களுக்குத் தெரியுமே. கூப்பிடுறது ஒண்ணு, பதிஞ்சது ஒண்ணு, பள்ளிக்கூடத்துல இன்னொண்ணு. ஒரு எழுத்து மாறினாலும் கட்டுநாயக்கா ஏர்போட்ல திருப்பி அனுப்பிடுவான். பேரு முடிஞ்சதும் படம். படத்துல காதைப் பாப்பாரு, அப்புறம் ஆளோட காதைப் பாப்பாரு. "மூஞ்சி நாளுக்கு நாள் மாறும் ரீட்டா, காது மாறாது"ன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. கடைசியா, "எந்த ஊருக்குப் போறீங்க"ன்னு கேப்பாரு. கூட வந்தவங்க பதில் சொல்லக் கூடாது. போற ஆளு தன் வாயால ஊர்ப் பேரைச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் என்னைப் பாத்துத் தலையை ஆட்டுவாரு, நான் பட்டனைத் தட்டுவேன்.

முதல்ல எனக்கு இது கேலியா இருந்திச்சு. டிக்கட் வாங்க வந்த மனுசனை பொலிஸ்காரன் மாதிரி நிக்க வச்சுக் கேக்கிறாரேன்னு. அப்புறம் ஒரு நாள் ஒரு பையன் வந்தான். பண்டாரவளைப் பக்கம். டுபாய்ல வேலை, லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறேன்னான். பேரு சரி, ஊரு சரி. ஐயா அன்னைக்கு உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நான் சும்மா பேச்சுக்கு, "ஜன்னல் வேணுமா தம்பி"ன்னு கேட்டேன். மூஞ்சியெல்லாம் வெளிச்சமாகி, "வேணும் அக்கா, முதல் தடவையா ஏறுறேன்"னுட்டான். பாஸ்போட்ல பாத்தா போயிட்டு வந்த முத்திரை பளிச்சுன்னு இருக்கு. அப்பத்தான் காதைப் பாத்தேன். படத்துல இருந்தது அண்ணன்காரன் காது. அவன் பாஸ்போட்ல இவன் போகப் பாத்திருக்கான்.

அன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டேன். ஊரு எது, வேலை எதுன்னு கேட்டா ஆளுங்க பாடம் பண்ணி வச்சதைத்தான் ஒப்பிப்பாங்க. ஜன்னல் வேணுமான்னு கேட்டா யாரும் பாடம் பண்ணி வச்சிருக்க மாட்டாங்க. உள்ள இருக்கிறது தானா வெளியில வரும். ஐயாகிட்ட சொன்னேன். கராம்பை இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்கு மாத்திட்டு, "கேளு, தினம் கேளு, ஆனா எதுக்குக் கேக்கிறன்னு எவனுக்கும் சொல்லாத"ன்னாரு. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

இப்ப செல்வராணி கதைக்கு வர்றேன்.

அப்ப எங்களுக்கு நிறைய ஆளு கொண்டு வந்தது ஜெகன்னு ஒரு சப் ஏஜன்ட். தோட்டம் தோட்டமாப் போயி, அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் பொம்பளைகளைப் பிடிச்சுக் குடுக்கிறவன். ரெண்டு ஃபோன், சென்ட் வாசம் படியேறுறதுக்கு முன்னாடியே வந்திரும். வரும்போதெல்லாம் எங்களுக்குச் சாப்பிட ரோல்ஸ் வாங்கிட்டு வருவான். ஐயா ஒரு நாளும் அதைத் தொட்டதில்ல. எனக்கு ரோல்ஸ்னா உசிரு, நானும் தொடல. சும்மா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்னுதான் எனக்கு முதல்ல தோணும்.

அன்னைக்கு அவன் கூட்டிட்டு வந்தது ஒரே ஒரு பொம்பளை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ, செல்வராணின்னு பேரு. முப்பது வயசு இருக்கும். புதுச் சாரி, அதைவிடப் புதுச் செருப்பு, உக்காரச் சொன்னா கதிரை நுனியில உக்காந்தா. பாஸ்போட் அவன் சட்டைப் பையில இருந்துதான் வந்திச்சு. பேரை வாசிச்சேன், சரி. காதைப் பாத்தேன். இடது காது ஓட்டை அறுந்து, தையல் போட்டு, அதுக்கு மேல புதுசா குத்தியிருந்தா. படத்துலயும் அப்படியே. எந்த ஊருன்னு கேட்டேன். "ரியாத் அக்கா, நான்தான் எல்லாம் எழுதிக் குடுத்திருக்கேனே"ன்னு அவன் சொன்னான். அவ வாயைத் திறக்கல. திரும்பக் கேட்டேன், திரும்பவும் அவனே சொன்னான். வீடு பேசியாச்சு, விசா ரெடி, சீக்கிரம் போடுங்கன்னான்.

அந்த நேரம் அவன் ஃபோன் அடிச்சது. எங்க கந்தோர் பழைய கல்லுக் கட்டடம், உள்ள சிக்னல் கிடையாது. அவன் படிக்கட்டுக்குப் போனான்.

நான் அவளைப் பாத்து, ஜன்னல் வேணுமாம்மான்னு கேட்டேன். அதுவரைக்கும் தரையையே பாத்துக்கிட்டு இருந்தவ சட்டுன்னு நிமிந்தா.

"இடது பக்கம் குடுங்க அக்கா. இறங்கும்போது இடது பக்கம் பாருன்னு என் தங்கச்சி சொல்லியிருக்கா. கடலோரமா கண்ணாடிக் கட்டடமா நிக்குமாம், அதுக்குப் பின்னாலதானாம் அவ வேலை செய்ற வீடு."

ரியாத்துல கடல் கிடையாது. நான் எத்தனை பேரைக் கேட்டிருக்கேன், வந்தவங்க எல்லாம் சொன்னது மணல், மணல், அதுக்கப்புறம் வீடு. கடலைப் பாத்தேன்னு ஒருத்தர் சொன்னதில்ல. தங்கச்சி எங்கம்மா இருக்கான்னு கேட்டேன், குரலை மாத்தாம.

"கட்டாருல. நானும் அங்கதான் போறேன். ரியாத் அங்க இருக்கிற ஊருதான், ரெண்டு தெரு தள்ளித்தான் வீடுன்னு இந்த ஜெகன் அண்ணன் சொன்னாரு. தங்கச்சி பக்கத்துல இருக்கான்னுதான் அக்கா துணிஞ்சேன். இல்லாட்டி பிள்ளைகளை விட்டுட்டு யாரு போவா?"

என் திரையில இருக்கிறது ரியாத், அது சவூதி, கட்டாரு வேற நாடு. கொழும்புல ஏறினா நேரா ரியாத். அங்க இவளுக்கு யாரும் இல்ல. எந்த வீடு, என்ன வேலை, எத்தனை பேருக்குச் சமைக்கணும், ஒண்ணும் தெரியாது. கதவைச் சாத்திட்டா தங்கச்சி இருக்கிற நாட்டுக்கு நடந்தா வர முடியும்?

உடனே சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்திருச்சு. ஆனா சொன்னா என்ன நடக்கும்? அவன் உள்ள வந்து, ரீட்டா அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, வா வேற கந்தோருக்குப் போவோம்னு கூட்டிட்டுப் போயிருவான். பஸார்ல டிக்கட் கந்தோர் எங்களோடது மட்டுமா? பாஸ்போட் அவன் பைக்குத் திரும்பிப் போயிட்டா அவ்வளவுதான். நல்ல வேளை, அது அப்ப என் மேசையில இருந்திச்சு. ஃபோட்டோ கொப்பி எடுக்கப் போறேன்னு சொல்லி அதைத் தூக்கிக்கிட்டு உள் அறைக்குப் போனேன்.

ஐயா பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாரு. சொன்னேன். அவரு கேட்டது ஒரே கேள்வி, கடல்னு அவளாச் சொன்னாளா, நீ அவ வாயில போட்டியான்னு. அந்த நேரத்துலயும் என் மேலயும் ஒரு சந்தேகம். அவளாத்தான் சொன்னான்னேன். கராம்பைத் துப்பிட்டு எந்திரிச்சாரு. அவரு கராம்பைத் துப்பி நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

நாங்க வெளிய வரும்போது ஜெகனும் உள்ள வந்துட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு மூணு பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க. ஐயா என் கதிரையில உக்காந்து, பாஸ்போட் மேல உள்ளங்கையை வச்சு மூடிக்கிட்டு, எந்த ஊரும்மா போறன்னு கேட்டாரு.

"ரியாத் ஐயா"ன்னான் ஜெகன்.

"உன்கிட்ட கேக்கல தம்பி."

அவ ஜெகனைப் பாத்தா, ஐயாவைப் பாத்தா. "கட்டாருங்க"ன்னா, மெதுவா.

ஜெகன் சிரிச்சான். நல்லாச் சிரிச்சான், கூச்சமே இல்ல. எல்லாம் ஒரே அரபு நாடுதானே ஐயா, தோட்டத்து ஆளுக்கு எது எதுன்னு எங்க தெரியப்போகுது, கட்டாரு போற வழியிலதான் இருக்குன்னான்.

"பண்டாரவளைக்குப் போற வழியில ஹாலிஎல இருக்கு, கையைக் காட்டினா பஸ் நிக்கும்"னாரு ஐயா. "பிளேன் நிக்குமா?"

காத்துக்கிட்டு இருந்தவங்கள்ல ஒருத்தர் சிரிச்சுட்டாரு. ஜெகனுக்கு மூஞ்சி கறுத்திருச்சு. அவ புருசனுக்கு எல்லாம் தெரியும், வீட்டுல பேசி முடிச்சதுன்னு சத்தம் போட்டான். அப்புறம் குரலை இறக்கி அவகிட்ட, உனக்குப் போக விருப்பமா இல்லையா, இப்பச் சொல்லு, பிறகு என்னைக் குறை சொல்லாதன்னான்.

ஐயா பாஸ்போட்டை எடுத்து, ஜெகன் பக்கம் இல்லாம, அவ பக்கமாத் தள்ளி வச்சாரு. "எந்தப் பக்கம் ஜன்னல்னு தெரிஞ்சு வந்த பிள்ளைக்கு, போற ஊரைச் சொல்ல உனக்கு வாய் வரலயா தம்பி? எடும்மா, இது உன்னோடது."

அவ உடனே எடுக்கல. ஜெகன் கை மேசைக்கு மேல வந்திச்சு. நான் "இயேசுவே"ன்னு நெஞ்சுக்குள்ள கூப்பிட்டேன். அப்ப அவ எடுத்தா. எடுத்து, சாரி முந்தானைக்குள்ள வச்சு, ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ஜெகன் படியில இறங்கிப் போற சத்தம் கேட்டிச்சு, சென்ட் வாசம் மட்டும் கொஞ்ச நேரம் நின்னுச்சு.

இதோட கதை முடிஞ்சு அவ எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டான்னு நினைக்காதீங்க. அப்படி ஒண்ணும் நடக்கல. நான் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தேன், குடிக்கல. அழுதுக்கிட்டே என்கிட்ட சண்டைக்கு வந்தா.

"நீங்க ஏன் அக்கா கேட்டீங்க? கேக்காம இருந்திருந்தா போயிருப்பேன். லயத்து வீடுகள்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்துட்டு வருவேன்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திரும்பிப் போறது?"

நீ போக வேணாம்னு நான் சொல்லல, போற இடம் தெரிஞ்சு போன்னுதான் சொல்றேன்னு என்னென்னவோ சொன்னேன். தங்கச்சிக்கு ஃபோன் எடுத்துக் கேளு, அவ வேலை செய்ற வீட்டுக்காரங்க மூலமா வழி இருக்கான்னு பாருன்னேன். கேட்டாளோ இல்லையோ. ஸ்பிரிங்வெளி பஸ்ஸுல ஏறிப் போனா. ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் நடுவுலதான் உக்காந்தா, நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

ஜெகன் அதுக்கப்புறம் வரல. அவன் சொல்லித்தானோ என்னவோ, வேற சப் ஏஜன்ட்மாரும் கொஞ்ச காலம் வரல. கந்தோர் வெறிச்சுன்னு கிடந்திச்சு. ஐயா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, ஒரு நாள் மட்டும் "ரோல்ஸ் எண்ணெய் இல்லாம மேசை சுத்தமா இருக்கு"ன்னாரு. ஆனா எனக்குள்ள அந்தச் சந்தேகம் போகல. அவ அடுத்த நாளே அவன்கூட வேற கந்தோருக்குப் போயிருப்பாளோ? பாஸ்போட்டை அவளே அவன் கையில குடுத்திருப்பாளோ? ஸ்பிரிங்வெளில இருந்து யாரு வந்தாலும் விசாரிப்பேன். புருசன் வீட்டோட தோட்டத்துல வேற டிவிசனுக்குப் போயிட்டாங்க, தெரியாதுன்னுதான் சொன்னாங்க. கோயில்ல திவ்விய பூசையில முழங்கால்ல நிக்கும்போது கூட அந்தத் தைச்ச காது ஞாபகத்துக்கு வரும். ஐயா போய்ச் சேந்தாரு, பச்சை எழுத்துத் திரை போயி கலர்த் திரை வந்திச்சு, நான் கேக்கிறதை விடல. சீட்டுக்குத் தனியாக் காசு பிடிக்க ஆரம்பிச்ச பிறகு ஜன்னல் வேணுமான்னு கேட்டா ஆளுங்க என்னைத்தான் சந்தேகமாப் பாத்தாங்க.

நான் வேலையில இருந்து நிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு நாள். தர்ஷிகா, உனக்கு ஞாபகம் இருக்கும். நீதான் முன்னால இருந்த. ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க, திருச்சிக்கு ரெண்டு டிக்கட் வேணும்னு. நீ பாஸ்போட் கேட்ட. ஒருத்தி குடுத்தா. மத்தவ, மூத்தவ, தர மாட்டேன்னா. கையில வச்சுக் காட்டுறேன், பாத்து எழுதிக்கன்னா. நீ என்னைத் திரும்பிப் பாத்த, இது என்னடா கிராக்கின்னு.

எந்திரிச்சு வந்தேன். தலை நரைச்சிருக்கு, உடம்பு போட்டிருக்கு, கண்ணாடி. மூஞ்சி எனக்குப் பிடிபடல. பழக்கதோஷம், காதைப் பாத்தேன். இடது காது, தையல், அதுக்கு மேல தோடு.

செல்வராணியான்னு கேட்டேன். ஆமாங்க, இது என் தங்கச்சின்னா. அவளுக்கு என்னை முதல்லயே தெரிஞ்சிருக்கு, காட்டிக்கல. அப்புறம்தான் சொன்னா. அன்னைக்கு வீட்டுக்குப் போயி புருசன்கிட்ட அடி வாங்கியிருக்கா. ஜெகன் ரெண்டு தடவை லயத்துக்கு வந்திருக்கான். பாஸ்போட்டை அரிசி டின்னுக்குள்ள வச்சு, அது மேலயே தலையணையைப் போட்டுப் படுத்தேன்னா. தங்கச்சி வேலை செஞ்ச வீட்டுக்காரம்மா மூலமா விசா வர ரொம்ப நாள் எடுத்திச்சாம். கொழும்புல போயி தானே டிக்கட் எடுத்து, கட்டாருக்கே போயி, வேலை செஞ்சு, பிள்ளைகளைப் படிக்க வச்சுட்டு வந்துட்டா.

ஆனா என் புத்தி எங்க போகும்? ஜன்னல்ல என்ன தெரிஞ்சிச்சுன்னு கேட்டேன்.

"இடது பக்கந்தான் உக்காந்தேன் அக்கா. ஒண்ணும் தெரியல, றெக்கை மறைச்சிருச்சு. கட்டடமெல்லாம் வலது பக்கம் இருந்தவங்கதான் பாத்தாங்க."

தங்கச்சிக்காரி தலையைக் குனிஞ்சு சிரிச்சா. இவ போயிட்டுத்தான் வந்திருக்கான்னு அப்பத்தான் எனக்கு முழுசா நம்பிக்கை வந்திச்சு. பாடம் பண்ணினவ யாரும் றெக்கையைச் சொல்ல மாட்டா.

நான் உன்னை எந்திரிக்கச் சொல்லிட்டு மேசையில உக்காந்தேன். பாஸ்போட்டுக்குக் கையை நீட்டினேன். அவ குடுக்கல.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நீங்கன்னாலும் இது என் கையிலதான் இருக்கும்."

கோவமா? என் வாழ்க்கையில யாரும் எனக்கு அவ்வளவு மரியாதை குடுத்ததில்ல. அவ ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டா, நான் எட்டிப் பாத்து ஒவ்வொரு எழுத்தா வாசிச்சு அடிச்சேன். பட்டனைத் தட்டப் போகும்போது, இருங்கன்னு நிப்பாட்டினா.

"எந்த ஊருக்குப் போடுறீங்க? வாயால சொல்லுங்க."

"திருச்சி"ன்னேன்.

"இன்னொரு தடவை."

"திருச்சிம்மா."

என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் தலையை ஆட்டினா.

"சரி. இப்ப ஜன்னல் போடுங்க. றெக்கைக்கு முன்னாடி."